மோதிரத்தை மேலே கொண்டுபோனவள்

இர்பித்
அக்டோபர் 2

என் செல்லத் தமாராவுக்கு,

ஸலாம். நன்றாக இருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். நன்றாக இருப்பதால்தான் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். துபாயில் மேகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சுற்றுலாக்காரர்களுக்குக் கயிறு மாட்டிவிடுகிறவளுக்கு, நம் ஊர் இர்பிதில் மருந்துக்கடையில் நிற்கிற மூத்தவள், இந்த ராத்தா, கண்ணுக்குத் தெரிவாளா?

போனில் பேசலாமே என்பாய். உம்மா ஸ்பீக்கரைப் போடாமல் என்றைக்காவது பேசவிட்டிருக்கிறாளா? மெசேஜ் அனுப்பினால் தம்பி ஹைஸம் அதை எடுத்து, சாப்பிடும் நேரத்தில் ராகம் போட்டு வாசிக்கிறான். ஆகவே பழையபடி காகிதம்தான். கடை முகவரிக்கே எழுது.

அய்ஹம் என்னை அழைத்துப்போவதை மறுபடியும் தள்ளிப்போட்டுவிட்டார். நிக்காஹ் ஆகி இரண்டு வருஷம். முதலில் வீடு தயாராகட்டும் என்றார். அப்புறம் வேலை நிரந்தரமாகட்டும் என்றார். அப்புறம் கோடை போகட்டும் என்றார். கோடை போயாயிற்று, அவர்தான் வரவில்லை. கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் வாப்பா வீட்டில்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் தெரு உம்மு குதைபா வாராவாரம் பிரஷர் மாத்திரை வாங்க வருகிறாள். மாத்திரையைவிட அவளுக்கு என் முகத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். "கல்யாண விருந்து எப்பம்மா? நான் உயிரோட இருக்கும்போதே போட்டுருவீங்கல்ல?" என்கிறாள். சிரித்துக்கொண்டே மீதிச் சில்லறையைக் கொடுக்கிறேன், என்ன செய்ய?

எனக்குப் பயமாக இருக்கிறது, தமாரா. உன்னிடம் சொல்வதற்கென்ன. சித்தி மகள் ரனீமை நினைத்துக்கொள். அவளும் நிக்காஹ் முடிந்து காத்திருந்தவள்தான். பொறுக்க முடியாமல் அவளே தலாக் கேட்டாள். அவ்வளவுதான், கேட்டவள் மேல் குற்றம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. இவளிடம் ஏதோ குறை, அதனால்தான் அவன் இழுத்தடித்தான் என்றார்கள். இன்று அவளைக் கல்யாண வீட்டுக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கு அப்படி ஒன்று வந்தால் நான் இந்தத் தெருவில் நடக்கமாட்டேன்.

துபாய் வருகிற பையன் ஒருவன் கையில் எண்ணெயில் ஊறின கத்தரிக்காய் மக்தூஸ் ஒரு ஜாடி கொடுத்தனுப்புகிறேன். அதை நீயே கொண்டுபோய் அங்கே இருக்கிற அய்ஹம் கையில் கொடு. எண்ணெய் சிந்தாமல் நிமிர்த்திப் பிடி. ஒரே ஊரில் இருந்துகொண்டு மூன்று மாதமாக மச்சானைப் பார்க்கவில்லை என்றால் என்ன கொழுந்தியா நீ? முகத்தைப் பார்த்து, மனதில் என்ன இருக்கிறதென்று எனக்கு எழுது. உன் கட்டடத்துக்கு மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடாதே. நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி வைத்தபோதே பாதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற மனுஷன் அவர்.

உன்னைத் திட்டவும் உன்னையே தேடவும் செய்கிற,
ராத்தா நிஸ்ரீன்


துபாய்
அக்டோபர் 15

என் கோபக்கார ராத்தாவுக்கு,

ஸலாமும் முத்தமும். முத்தம் அதிகமாகவே வைத்துக்கொள், திட்டின இடத்திலெல்லாம் தடவிக்கொள்ளலாம்.

எழுத நேரமில்லை என்றால் நம்பமாட்டாய். வெயில் குறைந்ததும் கூட்டம் பிய்த்துக்கொண்டு வருகிறது. நேற்று ஒரு குவைத்துக்காரர், ஆள் ஒட்டகம் மாதிரி உயரம், லிஃப்டில் வரும்போதெல்லாம் வீரம் பேசினார். கட்டடத்துக்கு வெளியே உச்சிக்குப் போகிற படிக்கட்டில் காலை வைத்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மகளே, நான் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைச்சதில்ல" என்று மரணவாக்குமூலம் ஆரம்பித்துவிட்டார். எப்படியோ உச்சிவரை கொண்டுபோய், வெளியே சாய வைத்து, படமும் எடுத்துக் கீழே கொண்டுவந்தேன். இறங்கினதும் மறுபடி வீரம்! நானும் கூட வேலை பார்க்கிற ஜோமாரும் அந்தப்பக்கம் திரும்பிச் சிரித்தோம்.

மேலே ஏறுகிறவர் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பது உனக்குத் தெரியுமல்லவா? போன், சாவி, தோடு, தலையில் குத்துகிற ஊசிவரை எல்லாம் பூட்டி வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். அங்கிருந்து ஒரு ஊசி விழுந்தாலும் கீழே நடக்கிறவன் காலி. அதனால் யாராவது உச்சியில் வைத்து ஒரு பெண்ணுக்கு மோதிரம் போட வந்தால், மோதிரத்தை நான்தான் சுமக்கவேண்டும். நெஞ்சுக்கு நேரே ஜிப் வைத்த ஒரு பை. மேலே போனதும் மோதிரத்தை மெல்லிய நூலில் கோத்து, நூலைப் பெண்ணின் மணிக்கட்டில் கட்டிவிட்டு அப்புறம்தான் மாப்பிள்ளை கையில் கொடுப்பேன். அவன் கை நடுங்கி நழுவவிட்டாலும் தொங்கும், விழாது. இந்த ஊரில் எத்தனையோ பேர் மோதிரம் முதலில் என் நெஞ்சில் இருந்ததுதான். எனக்குத்தான் ஒன்று அமையவில்லை, போகட்டும்.

இப்போது முக்கியமான சேதி. உட்கார்ந்து படி.

மக்தூஸைக் கொண்டுபோனேன். அவர் ஆபீஸ் கார் நிறுத்தத்திலேயே ஜாடியைத் திறந்து, விரலால் எடுத்துத் தின்று, சட்டையெல்லாம் எண்ணெய் ஆக்கிக்கொண்டார். நலம் விசாரித்தார், உன்னைப் பற்றி அதிகம் பேசவில்லை. திடீரென்று, "ஏன் கொழுந்தியா, உங்க கட்டடத்து மேல மோதிரம் போடறாங்களாமே?" என்றார்.

"ஆமா மச்சான், வாரத்துக்கு ரெண்டு மூணு. உங்களுக்கென்ன அதுல? நீங்கதான் ஏணியப் பாத்தாலே வேர்க்கிற ஆளாச்சே."

"மனசு இருந்தா ஏறிடலாம்" என்றார். ஜாடி மூடியைத் திருகி மூடிக்கொண்டே, "நீ எந்தெந்த நாள் வேலைல இருப்பே?" என்று கேட்டார்.

வியாழன் சாயங்காலம் என்று சொன்னேன். ராத்தா, உனக்குப் புரிகிறதா? உனக்கு நிக்காஹ் எப்படி நடந்தது? வரவேற்பறையில் வாப்பாவும் காஜியும் குனாஃபா தின்றுகொண்டே முடித்துவிட்டார்கள். உன்னிடம் யாரும் மண்டியிட்டு எதுவும் கேட்கவில்லை. மனுஷன் அந்தக் குறையைத் தீர்க்கப்போகிறார்! நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. பாஸ்போர்ட்டை மட்டும் தயாராக வைத்துக்கொள்.

சந்தோஷத்தில் தூக்கம் வராத,
உன் தமாரா


இர்பித்
அக்டோபர் 27

என் தங்கமே, என் கண்ணே,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மடிப்பு கிழிந்துவிட்டது.

பாஸ்போர்ட் புதுப்பித்தாயிற்று. தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டேன், செம்பட்டை. உம்மா பார்த்துவிட்டு, "என்னடி இது, தலைல தீ வச்ச மாதிரி" என்றாள். போகட்டும், அவளுக்கு என்ன தெரியும். ஏறும்போது நீங்களே உடுப்புக் கொடுப்பீர்கள் என்று முன்பு சொன்னாயே, என்ன நிறம் அது? சிவப்பென்றால் எனக்கு எடுக்காது, இப்போதே சொல்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் பேசும்போது நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். முன்பைவிடக் குறைவாகத்தான் பேசுகிறார், அதுவும் அவசர அவசரமாக. முன்பென்றால் அழுதிருப்பேன். இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பாவம், ரகசியத்தை வைத்துக்கொண்டு திணறுகிறார்.

ஆனால் வேறெல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, அடக்க முடியவில்லை. கடையில் சொன்னேன். மாமியாரிடம் சொன்னேன், அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். உம்மு குதைபாவிடம் நானே வலியப் போய்ச் சொன்னேன். "மாமி, என் புருஷன் என்னத் துபாய்க்குக் கூப்பிடறாரு, நூறு மாடிக் கட்டடத்து மேல நின்னு மோதிரம் போடப்போறாரு" என்று. அவள் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே! இரண்டு வருஷமாக என்னைக் குத்தின ஊசிகளுக்கெல்லாம் அன்று பதில் கொடுத்துவிட்டேன்.

எனக்கு உயரம் பயமில்லை. நீ என் கயிற்றைப் பிடித்திருப்பாய் அல்லவா? பின்னே என்ன?

பெட்டி கட்டிவிட்டுக் காத்திருக்கிற,
நிஸ்ரீன்


துபாய்
நவம்பர் 10

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். நலமாக இருக்கிறேன். இங்கே இப்போது காற்று சரியில்லை, ஏறுவதை அடிக்கடி நிறுத்திவைக்கிறோம். அதனால் நீ டிக்கெட் எதுவும் எடுத்துவிடாதே. கொஞ்ச நாள் போகட்டும்.

ஊரெல்லாம் ஏன் சொன்னாய்? நான் உன்னிடம் மட்டும்தானே எழுதினேன். உறுதியாகத் தெரியாமல் எழுதினது என் தப்பு. சொன்னவர்களிடம், பயணம் தள்ளிப்போகிறது என்று மெதுவாகச் சொல்லி வை.

தலைவலியாக இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

தமாரா


இர்பித்
நவம்பர் 20

தமாராவுக்கு,

இதென்ன கடிதம்? மருந்துச் சீட்டுகூட இதைவிட நீளமாக இருக்கும்.

காற்றாம்! துபாயில் என்ன காற்று என்று தம்பியிடம் போனில் பார்க்கச் சொன்னேன். இலை அசையவில்லை என்கிறான். என்னிடம் பொய் சொல்லத் தெரியாது உனக்கு, சின்ன வயதிலிருந்தே தெரியாது.

நேராகவே கேட்கிறேன். பொறாமையா? முப்பதைத் தொடப்போகிறாய். வருகிற வரனையெல்லாம் பாறை ஏறப் போகிறேன் என்று விரட்டினாய். அடுத்தவர்கள் மோதிரத்தை நெஞ்சில் சுமந்து சுமந்து மனம் புளித்துப்போயிற்றா? ராத்தாவுக்கு ஒரு நல்லது நடக்கிறது என்றதும் வயிறு எரிகிறதா?

அப்படி இல்லையென்றால் என்ன நடந்தது என்று சொல். நேற்று மாமியார் வந்தாள். இனிப்பு கொண்டுவந்தாள். என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள், செத்தவர் வீட்டுக்கு வந்தவள் மாதிரி. எதுவானாலும் மறைக்காமல் எழுது, இது என்மேல் ஆணை.

நிஸ்ரீன்


துபாய்
நவம்பர் 30

என் உயிர் ராத்தாவுக்கு,

பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுப் படி. வாசலைச் சாத்திக்கொண்டு படி.

நவம்பர் முதல் வியாழன். சாயங்காலம் இரண்டு பேர், மோதிரத்தோடு என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். சாமான்களைப் பூட்டிவைக்கிற அறையில் அய்ஹம் மச்சான் நின்றார். உடுப்பெல்லாம் மாட்டியாயிற்று, முகம் சுண்ணாம்பு. மோதிரத்தை என் கையில் வைத்தார், அது ஈரமாக இருந்தது. "பத்திரம் கொழுந்தியா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் தெரியாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்தேன். "எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"உடுப்பு மாத்திட்டிருக்கா" என்றார்.

மோதிரத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பெண்கள் அறைக் கதவைப் பார்த்தபடி, உன்னைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு நின்றேன், ராத்தா. கதவு திறந்தது. யாரோ ஒரு பெண். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். என் விரிந்த கையைப் பார்த்து, இங்கே இப்படித்தான் வரவேற்பார்கள் போல என்று நினைத்து, சிரித்துக்கொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நான் ஜுமானா. எனக்கு ரொம்பப் பயம்க்கா, நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். அவர் ஆபீஸில் வேலை செய்கிறவளாம்.

நான் ஒன்றை உன்னிடம் மறைக்கக்கூடாது. வெளிக்கதவைத் திறப்பதற்கு முன்னால் ஜோமார் என்னிடம் கேட்டான், "காத்து எப்படி?" ஒவ்வொரு தடவையும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. அப்போது நான் "சரியில்ல" என்று சொல்லியிருந்தால் போதும். கைடு அப்படிச் சொன்னால் மேலாளர்கூட மறுபேச்சு பேசமாட்டார். எல்லோரையும் திருப்பி அனுப்பியிருக்கலாம். நான் "நல்லாருக்கு" என்றேன். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், தானாகச் சொல்லிவிட்டது. கதவு திறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் என் பொறுப்பு.

பாதியில் அவர் மேலே ஏறாமல் நின்றுவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பயந்தவரிடம் மேலே வைத்து முகம் சுளிக்கக்கூடாது, கடுமையாக ஒரு சொல் பேசக்கூடாது. அவர் உதறினால் எல்லோருக்கும் ஆபத்து. "நான் பிடிச்சிருக்கேன், என் கண்ணைப் பாருங்க" என்றேன். எல்லோருக்கும் சொல்வதுதான்.

அவர் என் கண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "நீ அவளுக்கு எழுதிடுவேல்ல?" என்றார்.

"இதுக்குத்தான் என் நாளைக் கேட்டீங்களா?" சிரித்த முகத்தோடு கேட்டேன், நாலு படி கீழே, பேச்சு கேட்காத தூரத்தில் நின்று ஜுமானா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொல்ல வரல. எத்தனையோ தடவை போன எடுத்தேன், முடியல. நீ சொன்னா அவ தாங்கிக்குவா. கேட்டு ஆத்திரப்பட்டு அவளே தலாக் கேட்டுட்டான்னா யாருக்கும் சங்கடமில்ல பாரு."

"என்ன ரகசியம் ரெண்டு பேருக்கும்? முன்னமே தெரியுமா?" என்றாள் ஜுமானா.

"பயமா இருக்குன்னு சொல்றேன்" என்றார் அவர்.

"இங்க வர்ற எல்லாருமே எனக்குச் சொந்தக்காரங்கதான்" என்று நான் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். நீ ஒருத்தி இருப்பதே அவளுக்குத் தெரியாது, ராத்தா.

உச்சிக்குப் போனோம். நூலை அவள் மணிக்கட்டில் கட்டினேன். மோதிரத்தை அவர் கையில் கொடுத்தேன். நம் தண்ணீர்த் தொட்டி ஏணியில் கண்ணை மூடினவர் அங்கே மண்டியிட்டார். அவள் அழுதுகொண்டே சரி என்றாள். கூடவே ஏறிவந்த ஜோமார் கைதட்டினான். நானும் தட்டினேன். என் கையை வெட்டிப்போட்டாலும் தகும்.

நீ மட்டும் தலாக் கேட்காதே. அவர் விரும்புகிறது அதுதான். அவர் வாயால் சொல்லட்டும், பழி அவருக்குப் போகட்டும். எனக்கு டிசம்பர் கடைசியில் லீவு கிடைத்திருக்கிறது. நான் வந்து வாப்பா முன்னால் உட்கார்ந்து கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். உன்மேல் ஒரு தூசு விழவிடமாட்டேன். அதுவரை தைரியமாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் காலைப் பிடித்து அழுகிற,
தமாரா


இர்பித்
டிசம்பர் 16

அன்புத் தங்கை தமாராவுக்கு,

ஸலாம். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம்.

உன் கடிதத்தைக் கடையின் சரக்கு அறையில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் கவுண்டருக்கு வந்தேன். உம்மு குதைபா மாத்திரைக்கு நின்றுகொண்டிருந்தாள். "என்னம்மா, பயணம் எப்போ? மோதிரம் வந்துடுச்சா?" என்று கேட்டாள். கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

அவளிடம் நான் என்ன சொல்லவேண்டும்? என் புருஷன் என்னைவிட இளசாக ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான் என்றா? நான் சாயம் பூசி, பெட்டி கட்டி, ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே, அந்தத் தலையோடு நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியுமா? சிரித்தே கொன்றிருப்பார்கள்.

"பயணம் இல்ல மாமி. என் தங்கச்சி என் புருஷன எடுத்துக்கிட்டா" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. உனக்கு "நல்லாருக்கு" என்று வந்தது போலத்தான் எனக்கும் வந்தது. ஆனால் சொன்னதும் என்ன நடந்தது தெரியுமா? அந்தக் கிழவி கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாங்க வந்தவர்களும் அழுதார்கள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக யாரும் என்னிடம் என்ன குறை என்று பார்க்கவில்லை. எவளோ ஒருத்திக்காக விட்டுப்போனான் என்றால் என்னைத்தான் தோண்டுவார்கள். கூடப்பிறந்தவளே பறித்தாள் என்றால் யார் என்னைக் கேட்பார்கள்?

சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. நீதானே மக்தூஸ் கொண்டுபோனாய், நீதானே அவரைப் பார்த்துப் பேசினாய், எல்லாம் பொருந்திப்போயிற்று. வாப்பா அவருக்குப் போன் போட்டார். உம்மா வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டாள். "தமாராவாடா?" என்று வாப்பா கேட்டார். "மன்னிச்சிடுங்க மாமா" என்றார் அவர். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கும் இது வசதிதானே, அந்தப் பெண்ணின் பெயர் வெளியே வரவில்லை. வாப்பா அங்கேயே தலாக் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை, தமாரா. நீ சொன்னபடி நான் கேட்கவே இல்லை.

லீவை ரத்து செய்துவிடு. உன் துணிமணியை வாப்பா பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டார். உன் பெயரை இங்கே யாரும் எடுப்பதில்லை. கதவைத் தட்டினால் தம்பி திறக்கமாட்டான்.

இந்தக் கடிதத்தை வாப்பாவுக்கு அனுப்பிவைக்கலாமே என்று உனக்குத் தோன்றும். அனுப்பு. அவர் படிப்பார், உன்னை உள்ளே கூப்பிடுவார், என்னை வெளியே தள்ளுவார். உனக்கு அங்கே வேலை இருக்கிறது, அறை இருக்கிறது, யார் எவர் என்று கேட்காத ஒரு ஊர் இருக்கிறது. எனக்கு இந்தத் தெருவை விட்டால் நிற்க இடமில்லை. நான் எங்கே போவேன் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசிப்பாய். யோசித்துவிட்டு அனுப்பமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னது நீ. ஒரு வார்த்தையில் திருப்பி அனுப்பியிருக்கலாம் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை நான் மறக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். இனிமேல் கடைக்கும் எழுதாதே.

உம்மா மட்டும் நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று உன் பெயரைச் சொல்லி அழுதாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ராத்தா,
நிஸ்ரீன்